ஏழாம் மைல் கேட்

டுவூம்பா
5 பிப்ரவரி 1967

அருமைத் தங்கை கெர்ரிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். நீ, அப்பா, அம்மா, ஹெர்பி மாமா, நாய்கள், அந்தச் சண்டைக்காரச் சேவல் எல்லோரும் நலமா?

பள்ளி விடுதி எப்படி இருக்கிறது என்று கேட்பாய். ஒரே கூடத்தில் இருபத்து நாலு கட்டில். எதற்கெடுத்தாலும் மணி அடிக்கிறார்கள். எழுந்திருக்க ஒரு மணி, பல் தேய்க்க ஒரு மணி, வாயை மூட ஒரு மணி. பக்கத்துக் கட்டில்காரி பெயர் பமேலா. நகரத்துப் பெண். முதல் நாளே விசாரணையை ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க பக்கத்து வீடு எவ்ளோ தூரம்?"

"நாப்பது மைல்."

"அப்போ திடீர்னு சர்க்கரை தீர்ந்துபோனா என்ன பண்ணுவீங்க?"

"சர்க்கரை இல்லாம டீ குடிப்போம்."

அதற்கு அவள் வாயைப் பிளந்ததைப் பார்க்க வேண்டுமே! இங்கே எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒன்றும் தெரியாதவர்கள்.

சனிக்கிழமை குதிரைச் சவாரி வகுப்பு உண்டு. எனக்குக் கொடுத்தது குதிரையே இல்லை, நாலு கால் வைத்த மேஜை. அதன் மேல் உட்கார்ந்தால், "காலை நீட்டாதே, முதுகை நிமிர்த்து" என்று ஒரு அம்மாள் வேலிக்கு வெளியே நின்று கத்துகிறாள். எழுதி வைத்துக்கொள், ஈஸ்டருக்குள் அந்த வகுப்பில் நான்தான் முதல்.

கிளம்பின அன்று நான் அழவே இல்லை. அப்பா என்ன சொன்னாலும் நம்பாதே. நம் வேலியில் ஏழாம் மைல் கேட்டுக்குப் பக்கத்தில் என் குதிரை ப்ரோல்கா நின்றிருந்தாள். அப்பா கேட்டைத் தாண்டிப் போய் வண்டியை நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் இறங்கி ஓடி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அங்கே கொஞ்சம் அழுதேன். குதிரை முன்னால் அழுதது கணக்கில் வராது.

வாரத்துக்கு ஒரு முறையாவது அவள் மேல் ஏறி ஓட்டு. வாயை இழுக்காதே, அவளுக்குப் பிடிக்காது.

உடனே பதில் போடு. அப்பா அம்மாவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
நோலீன்

*

பிண்டாரா பண்ணை
9 பிப்ரவரி 1967

அன்புள்ள அக்காவுக்கு,

கெர்ரி எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. உடம்புக்கு எல்லோரும் நலம். உன் கடிதம் இன்று தபால் லாரியில் வந்தது. லாரி திரும்புவதற்குள் எழுதிக் கொடுத்துவிடு என்று அம்மா சொன்னாள்.

அக்கா, ஏழாம் மைல் கேட்டை யாரோ மூடிவிட்டார்கள். கோடை முழுக்க அது திறந்தே இருக்க வேண்டும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஓய்வுக்கு விட்ட குதிரைகள் பதினொன்றும் இந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம். உன்னை ரயிலேற்றிவிட்டு அப்பா சாமான் வாங்கிக்கொண்டு திரும்ப நாலு நாள் ஆனது. நாலு நாளும் நூற்றுப் பத்து டிகிரி வெயில். அப்பா வந்தபோது குதிரைகள் கேட்டை முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. பிஷப்பும் டிங்கரும் கீழே கிடந்திருக்கின்றன. இரண்டும் பிழைக்கவில்லை.

அப்பா வீட்டுக்குப் பறந்து வந்து எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். குதிரைகள் மொத்தமாகத் தொட்டிக்குப் பாய்ந்து வயிறு வெடிக்கக் குடித்துவிடக் கூடாதே, அதனால் அம்மா ஒவ்வொன்றுக்கும் வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். என்னைக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் நின்றேன்.

நீ போன மறுநாள் ஹெர்பி மாமா தண்ணீர் இறைக்கிற காற்றாலையைப் பார்க்க அந்த வழியாகப் போயிருக்கிறார். அப்பா அவரை அங்கேயே பிடித்துக்கொண்டார்.

"ஹெர்பி, கேட்டை மூடினியா?"

"ஆமா முதலாளி. மூடியிருந்துச்சு. திறந்து போனேன், மறுபடி மூடினேன்."

"நான் போறப்ப திறந்துதான் இருந்துச்சு!"

"நான் வர்றப்ப மூடியிருந்துச்சு."

"காத்து வந்து சங்கிலியை மாட்டிட்டுப் போச்சாக்கும்!"

அம்மாதான் மெதுவாக, "நோலீன் இங்க இறங்கினான்னு சொன்னீங்களே" என்றாள். அப்பாவுக்கு வந்ததே கோபம்! "எம்பொண்ணு நடக்கப் பழகினதே கேட்டைப் பிடிச்சுக்கிட்டுதான். அவளை இதுல இழுக்காதே" என்றார்.

ப்ரோல்கா உயிரோடு இருக்கிறாள். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன் தங்கை,
கெர்ரி

*

டுவூம்பா
16 பிப்ரவரி 1967

அன்புத் தங்கைக்கு,

உடம்பு நலம், மனசு நலமில்லை. பிஷப் மேல்தான் நான் முதன்முதலில் ஏறினேன். இரவு முழுக்க மாட்டு மந்தையைச் சுற்றிவந்தாலும் முகம் சுளிக்காத குதிரை அது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே ஒரு கூட்டமே வரிசையில் நின்று கதவைத் தட்டியது. தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஹெர்பி மாமாவா இப்படிச் செய்தார்? ஒன்பது வருடமாகப் பதினொரு காற்றாலையையும் பார்க்கிறவர். எந்தக் கேட் எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று வயதில் எனக்கே தெரியும். திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடியபடி விடு. இதைவிடச் சுலபமான சட்டம் உலகத்தில் உண்டா? அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். ஆனால் செய்துவிட்டு இல்லை என்று சாதிக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆமாம், மறந்து மூடிவிட்டேன் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

அப்பா என்னைப் பற்றிச் சொன்னதை நாலு தடவை படித்தேன். பமேலாவுக்கும் படித்துக் காட்டினேன். இந்தக் கூடத்துக் கதவுகளுக்கும் இப்போது நம் சட்டம்தான். மாற்றி வைத்தவள் என்னிடம் மாட்டினாள்!

ப்ரோல்கா உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டாயே, எப்படி இருக்கிறாள் என்று எழுத மாட்டாயா? அவள் மேல் ஏறினாயா? நன்றாகச் சாப்பிடுகிறாளா?

எல்லோருக்கும் அன்புடன்,
நோலீன்

*

பிண்டாரா பண்ணை
2 மார்ச் 1967

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். போன வாரம் எழுதவில்லை. வயிற்று வலி. அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள். அதைக் குடித்ததும் வலி போய்விட்டதாகச் சொல்லிவிட்டேன்.

அப்பா ரேடியோவில் சொல்லிவிட்டார். காலை ஏழு மணிக்கு எல்லாப் பண்ணைப் பெண்களும் ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசுகிற நேரத்தில், மைக்கை அம்மா கையிலிருந்து வாங்கி, "பிண்டாராவுல ரெண்டு குதிரை செத்துப்போச்சு. ஹெர்பி க்ளூன் கேட்டைத் தப்பா விட்டுட்டான். மாசக் கடைசியில வெளியே போறான். வேலைக்கு எடுக்கிறவங்க தெரிஞ்சுக்கிட்டு எடுங்க" என்றார். நாற்பது பண்ணையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஹெர்பி மாமா அப்போது சமையலறையில் ரொட்டிக்குப் பாகு தடவிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. தடவி முடித்து, சாப்பிடாமல் எழுந்து போனார்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். கிளம்பின அன்று நீ எந்த ஷூ போட்டிருந்தாய்?

கெர்ரி

*

டுவூம்பா
9 மார்ச் 1967

அடியே கெர்ரி,

நலம் விசாரித்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. நான் ப்ரோல்காவைப் பற்றிக் கேட்டால் நீ ஷூவைப் பற்றிக் கேட்கிறாய். விளக்கெண்ணெய் தலைக்கு ஏறிவிட்டதா?

பள்ளி ஷூதான். கறுப்பு. குயில்பி டவுனில் வாங்கினது. குதிகாலில் நட்சத்திரம் போட்டிருக்கும், நீயே காலில் மாட்டிக்கொண்டு முற்றத்து மண்ணில் அச்சுக் குத்தி விளையாடினாயே! அம்மாவிடம் அடி வாங்கினாயே! உனக்கும் வேண்டுமென்றால் அப்பாவிடம் கேள், என்னிடம் கேட்காதே.

சவாரி வகுப்பில் நான் முதலாகிவிட்டேன். ஈஸ்டர் வரைக்கும் தேவைப்படவில்லை. அந்த அம்மாளே, "நீ முதுகை எப்படியோ வெச்சுக்கோ, பொண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த கடிதத்தில் ப்ரோல்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதாவிட்டால் நான் அம்மாவுக்கு எழுதிக் கேட்பேன்.

நோலீன்

*

பிண்டாரா பண்ணை
16 மார்ச் 1967

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

அன்று என்னைக் கேட்டைப் பிடிக்க விட்டார்கள் என்று எழுதினேன் இல்லையா? நீ கிளம்புகிறதுக்கு முந்தின நாள் நாலு தூறல் போட்டது, ஞாபகம் இருக்கிறதா? கேட் கம்பத்தடியில் மண் சேறாகி, வெயிலில் அப்படியே காய்ந்து கிடந்தது. அதில் ஷூ அச்சு இருந்தது. குதிகாலில் நட்சத்திரம். சங்கிலி மாட்டுகிற இடத்துக்கு நேரே, கம்பத்தைப் பார்த்தபடி இரண்டு கால். கேட்டைத் திறந்து கட்டி வைத்திருந்த கம்பியும் அங்கேதான் அவிழ்ந்து கிடந்தது.

அப்பா குதிரைகளிடம் இருந்தார். ஹெர்பி மாமா டிங்கர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு குச்சியை எடுத்துச் சுரண்டி, காலால் தேய்த்து அழித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. அப்புறம்தான் அப்பா ஹெர்பி மாமாவைக் கேட்க ஆரம்பித்தார். அவர் மேல் விழும் என்று எனக்குத் தெரியாது, அக்கா. சத்தியமாகத் தெரியாது.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் வந்தபோது மூடித்தான் இருந்தது.

ப்ரோல்கா வேலியைத் தாண்டப் பார்த்திருக்கிறாள். முழுதாகத் தாண்டவில்லை. முன்னங்காலிலும் மார்பிலும் முள்கம்பி கிழித்துவிட்டது. ஹெர்பி மாமாதான் மார்பில் பதினேழு தையல் போட்டார். அப்பா அவரோடு பேசாமல் இருந்த நாட்களிலும் அவர் தினம் இரண்டு வேளை வந்து புண்ணைக் கழுவினார். நடக்கிறாள். இனி ஓட மாட்டாள் என்று அவர் சொன்னார். உனக்கு எழுதாதே என்று அம்மா சொன்னதால் எழுதவில்லை.

ஹெர்பி மாமா மாதக் கடைசி வரை இருக்கவில்லை. போன வாரமே போய்விட்டார். அவர் சுருட்டின படுக்கையைத் தபால் லாரியில் போட நான் உதவினேன். "அழாதே பாப்பா, எனக்கென்ன, காத்தாலை எங்கயும் இருக்கு" என்றார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை.

இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். நீ யாரிடமும் சொல்லாதே. நானும் சொல்ல மாட்டேன்.

கெர்ரி

*

பிண்டாரா பண்ணை
6 ஏப்ரல் 1967

அக்கா,

மூன்று லாரி வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று அம்மா கவலைப்படுகிறாள். படிப்பு ஜாஸ்தி என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மேல் கோபமா?

கெர்ரி

*

டுவூம்பா
7 ஏப்ரல் 1967

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

அப்பா, ஏழாம் மைல் கேட்டை மூடினது நான்.

இப்படி எழுதவே மூன்று வாரம் ஆகிவிட்டது. மூடினது எனக்கு நினைவே இல்லை, அதனால் நான் செய்திருக்க மாட்டேன் என்று முதலில் எனக்கே வாதாடிப் பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு அடியாக யோசித்தேன். ப்ரோல்காவை விட்டுவிட்டு வந்தேன். கண் நிறையத் தண்ணீர். நீங்கள் ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டு, "வா, ரயில் போயிடும்" என்றீர்கள். நான் கேட்டைத் தாண்டினேன். கை தானாகப் போயிருக்கிறது. கம்பியை அவிழ்த்தது தெரியவில்லை. சங்கிலி கொக்கியில் விழுந்த சத்தம் மட்டும் இப்போது காதில் கேட்கிறது. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவள் நான். ஆயிரம் தடவை இறங்கி மூடியிருக்கிறேன், ஆயிரத்து ஒன்றாவது தடவை மூடக் கூடாததை மூடினேன்.

கெர்ரி என் ஷூ அச்சைப் பார்த்து அழித்துவிட்டாள். எனக்காகச் செய்தாள். அவளைத் திட்டாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை ஒன்றரை மாதம் வயிற்று வலியோடு சுமந்திருக்கிறாள்.

என் பெண் அப்படிச் செய்ய மாட்டாள் என்று சொன்னீர்களாமே. அதைப் படித்து நான் இங்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். ஹெர்பி மாமா பொய் சொல்கிறார் என்றுகூட எழுதினேன். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள், அப்பா.

உங்கள் மகள்,
நோலீன்

*

பிண்டாரா பண்ணை
20 ஏப்ரல் 1967

மகள் நோலீனுக்கு,

அப்பா எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்கிறாள். எல்லோரும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடவும்.

கடிதம் கிடைத்தது. லாரிக்காரன் முன்னாலேயே பிரித்துப் படித்தேன். அப்புறம் மாட்டுக்கொட்டில் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

தப்பு நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது. கோபம் உன் மேல் இல்லை. ஹெர்பி ஒன்பது வருடத்தில் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அன்று சொன்னதை நான் ஒரு நிமிடம் நின்று கேட்கவில்லை. அது என் தப்பு. கெர்ரியைத் திட்டவில்லை. உன் அம்மா அவளுக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தாள்.

குயில்பி தபால் நிலையத்தில் விசாரித்தேன். ஹெர்பி வடக்கே வாலரி பண்ணையில் இருக்கிறான். முன்னூறு மைல். நான் அவனுக்கு எழுதுகிறேன்.

ரேடியோவில் நான் பேசிவிடுகிறேன். ஹெர்பி மேல் தப்பில்லை, கேட் வேறு விதமாக மூடிக்கொண்டது என்று சொன்னால் போதும். உன் பெயர் வர வேண்டாம். இன்னும் அறுபது வருடம் நீ இந்த ஜனங்களோடு வாழ வேண்டியவள். கேட்டைத் தப்பா விட்டவள் என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் லேசில் போகாது. நான் சொல்கிறபடி செய்.

அப்பா

*

டுவூம்பா
27 ஏப்ரல் 1967

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை இரண்டுதான். ஒன்று அம்மாவுடையது.

நீங்கள் சொல்கிறபடி நான் செய்யப் போவதில்லை. ஹெர்பி மாமாவும் இந்த ஜனங்களோடுதான் வாழ வேண்டும். அவர் பெயரைச் சொல்லித்தானே ரேடியோவில் அவரை அனுப்பினீர்கள்? கேட் தானாக மூடிக்கொண்டது என்றால் நாற்பது பண்ணையும் சிரிக்கும். காற்று வந்து சங்கிலியை மாட்டியதா என்று நீங்களே கேட்டவர்தான்.

மே விடுமுறைக்கு வருகிறேன். மைக்கை எனக்குக் கொடுங்கள், அது போதும்.

உங்கள் மகள்,
நோலீன்

*

பிண்டாரா பண்ணை
11 மே 1967

மதிப்புக்குரிய ஹெர்பி மாமாவுக்கு,

நோலீன் எழுதுகிறேன். நீங்கள் நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாலரியில் சாப்பாடு நன்றாக இருக்கிறதா?

இதற்குள் அப்பா கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். கேட்டை மூடினது நான்தான். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். என் தப்புக்காக ஒரு தடவை. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நம்பினதற்காக இன்னொரு தடவை. இரண்டாவதுதான் பெரியது.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு ரேடியோவில் சொன்னேன். அப்பா மைக்கைக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தார். "இது பிண்டாரா. நோலீன் டூலன் பேசறேன். பிப்ரவரியில எங்க ஏழாம் மைல் கேட்டை மூடினது நான். ஹெர்பி க்ளூன் இல்ல. அவர் மூடியிருந்ததைப் பார்த்தார், சட்டப்படி மூடிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மை, நாங்கதான் நம்பல. எல்லாரும் கேட்டீங்களா?" என்றேன்.

கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. அப்புறம் ஒரு குரல், "கேட்டோம், பிண்டாரா" என்றது. இன்னொன்று, "இங்கயும் கேட்டுச்சு." வரிசையாக வந்தது. கெர்ரி விரல் விட்டு எண்ணினாள், முப்பத்தொன்று. கடைசியில் பக்கத்துப் பண்ணை டோரா அத்தை வந்தாள். "பொண்ணே, பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு கேட்டைத் திறந்து விட்டுட்டேன். ரெண்டு மந்தை கலந்துபோச்சு. இன்னிக்கு வரைக்கும் என் புருஷனுக்குத் தெரியாது" என்றாள். உடனே பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "இப்போ தெரிஞ்சிருச்சு, டோரா" என்றது. அதற்குப் பிறகு யாராலும் பேச முடியவில்லை, அத்தனை சிரிப்பு. எங்கள் அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே போனார், கண்ணைத் துடைக்க.

நீங்கள் போட்ட தையல் நேராக ஆறிவிட்டது. ப்ரோல்கா கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறாள். அவளை அடுத்த வருடம் குட்டிக்கு விடலாம் என்று அப்பா சொல்கிறார். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

திரும்பி வந்துவிடுங்கள் மாமா. உங்கள் அறையை நானும் கெர்ரியும் கழுவி வைத்திருக்கிறோம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நோலீன்

*

வாலரி பண்ணை
4 ஜூன் 1967

நோலீன் பாப்பாவுக்கு,

ஹெர்பி க்ளூன் எழுதுகிறேன். நல்ல சுகம். முழங்கால் பழையபடிதான். சமையல்காரன் மோசம், அவன் சுட்ட ரொட்டியைக் கேட்டுக்கு முட்டுக் கொடுக்கலாம். உங்கள் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதம் வந்தது. உன் அப்பா கடிதமும் வந்தது. உனக்குப் பதில் போட முடிகிறது. அவருக்குப் போட இன்னும் மனசு வரவில்லை. வரும். அவசரப்படுத்தாதே.

தப்பு முழுக்க உன்னுடையது என்று நினைத்துக்கொள்ளாதே. அன்று கேட் மூடியிருந்ததைப் பார்த்து நான் வண்டியை நிறுத்தி யோசித்தேன். குதிரைகள் உள்பக்கம் தூரத்தில் நிற்பது தெரிந்தது. கோடையில் இது திறந்தல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றியது. முதலாளி நேற்றுத்தான் இந்த வழியாகப் போனார், ஏதோ காரணமாகத்தான் மூடியிருப்பார், நமக்கென்ன என்று மூடிவிட்டுப் போனேன். சட்டப்படி சரி. ஆனால் குதிரைக்குச் சட்டம் தெரியாது. அந்த ஒரு நிமிடத்தை நானும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். டிங்கர் என் மடியில்தான் போனான்.

திரும்பி வரச் சொல்கிறாய். வர மாட்டேன், பாப்பா. உன் மேல் கோபத்தால் இல்லை. ஒரு சமையலறையில் உட்கார்ந்து என் பெயர் ரேடியோவில் போனதைக் கேட்டிருக்கிறேன், அதே சமையலறையில் மறுபடி உட்கார்ந்து சாப்பிட என்னால் ஆகாது. நீ பெரியவளாகி உனக்கென்று ஒரு பண்ணை பார்த்தால் எழுது. எந்த மூலையில் இருந்தாலும் வருகிறேன்.

நீ ரேடியோவில் பேசினது இங்கேயும் கேட்டது. எனக்கு அது எவ்வளவு என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். இங்கே வண்டியில் முன் சீட்டில் மூன்று பேராகப் போவோம். கதவோரத்தில் உட்காருகிறவன்தான் இறங்கிக் கேட் பார்க்க வேண்டும், எங்கேயும் அதுதானே வழக்கம். வந்த நாள் முதலாக என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நான் வருவதற்குள் ஓரத்து இடத்தில் வேறொருவன் ஏறியிருப்பான், அவ்வளவுதான். இரண்டு மாதம். ஐம்பத்தைந்து வயதுக்காரன், சின்னப் பிள்ளை மாதிரி நடுவில் உட்கார்ந்து, அடுத்தவன் இறங்கிக் கேட் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பேசி முடித்ததும் நாங்கள் வேலைக்குக் கிளம்பினோம். தூரத்துக் காற்றாலைக்கு. நான் வழக்கம்போல நடுவில் ஏறப் போனேன். ஓட்டுகிறவன் என்னைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "ஹெர்பி, இன்னிக்கு நீ ஓரத்துல ஏறு" என்றான்.

போக ஒன்பது கேட், வர ஒன்பது கேட். பதினெட்டையும் நான்தான் பார்த்தேன்.

நன்றாகப் படி.

ஹெர்பி க்ளூன்